கண்ணாடி பொறுக்கும் கனவான்

விடுமுறை என்றால் கைகால்களை நீட்டிப் படுத்துக் கிடப்பது என்று எண்ணிக்கொண்டிருக்கும் நம்மைப் போன்ற சாமான்ய ஜனங்களுக்கு, பல்லாயிரம் மைல் பிரயாணம் செய்து, பசிபிக் மகாசமுத்திரத்தின் நடுவே ஒரு தீவை அடைந்து, அங்கே நீலக் கடலையோ பச்சை மலையையோ ஏறெடுத்தும் பாராமல், விடிந்ததும் விடியாததுமாகக் கடற்கரைக்கு ஓடி, குனிந்த தலை நிமிராது உடைந்த பாட்டில் சில்லுகளைப் பொறுக்கும் ஒரு ரகத்து மனிதர்கள் இவ்வுலகில் உண்டு என்பதை நம்புவது சற்றுச் சிரமமாகவே இருக்கும். அவர்களை ஹவாய்த் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த கவாய்த் தீவில் நான் கண்ணாரக் கண்டேன். கண்டதோடு போயிருந்தால் ஒன்றுமில்லை. அவர்களுள் ஒருவர் என் சம்பந்தி.

நாங்கள் அத்தீவுக்குச் சென்றது கண்ணாடிக்காக அல்ல. யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகளிடம் தீக்ஷை பெற்ற அமெரிக்கரான சிவாய சுப்பிரமுனியசுவாமி 1970-இல் அங்கே ஒரு சைவ மடத்தை ஸ்தாபித்தார். அம்மடத்தார் பெங்களூர்ப் பக்கத்தில் சிற்பிகளை அமர்த்தி, கருங்கல்லைக் கையுளியாலேயே செதுக்குவித்துக் கப்பலேற்றி, பல்லாண்டுப் பாடுபட்டு 2023-இல் இறைவன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடத்தினார்கள். கலிபோர்னியாவில் இருக்கும் என் மகளும் மாப்பிள்ளையும், இரு தரப்புப் பெற்றோரும் ஒரே சமயத்தில் வந்து சேர்ந்துவிட்ட சங்கடத்தை எவ்வாறு சமாளிப்பது என்று யோசித்து, தீர்த்த யாத்திரையும் உல்லாசப் பிரயாணமும் ஒன்றாகவே முடியட்டும் என்று எங்கள் நால்வரையும் அங்கே அழைத்துச் சென்றார்கள். மூலவர் சுமார் 700 பவுண்டு எடையுள்ள ஸ்படிக லிங்கம். தரிசனம் மனம் குளிர நடந்தது. அதற்கு மறுநாள்தான், நா பாலி மலைக்கரையைச் சுற்றிக் காட்டும் படகுகள் புறப்படுகிற போர்ட் ஆலன் துறைமுகத்துக்கு வந்தவர்களை, படகுக்கு நேரம் இருக்கிறதென்று மாப்பிள்ளை பக்கத்தில் இருக்கும் கிளாஸ் பீச்சுக்கு அழைத்துப் போனார்.

அந்தக் கடற்கரையைப் பற்றி அழகு என்ற வார்த்தையைப் பிரயோகிப்பதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். எண்ணெய்த் தொட்டிகளையும் பட்டறைகளையும் கடந்துதான் அங்கே போக வேண்டும். எரிமலை கக்கிய கறுத்த பாறைகள். அவற்றின் இடுக்குகளில் என்றோ வீசப்பட்ட இயந்திரங்களின் துருப்பிடித்த உறுப்புகள், பாறையோடு பாறையாக இறுகிக் கிடக்கின்றன. ஒரு காலத்தில் குப்பை கொட்டிய இடம் அது. குப்பையில் மக்குவது மக்கியது. கடல் கொண்டுபோவதைக் கொண்டுபோயிற்று. கண்ணாடி மாத்திரம் அலையில் புரண்டு புரண்டு முனை மழுங்கி, பழுப்பும் பச்சையும் வெள்ளையுமாக, உடைத்த கற்கண்டைக் கொட்டிப் பரப்பியது போல் கால் வைக்கும் இடமெல்லாம் கிடக்கிறது. பெரும்பாலும் பொடிச் சில்லுகள். சுண்டுவிரல் நகமளவு கிடைத்தாலே பெரிது. வெறுங்காலோடு நடந்தாலும் குத்துவதில்லை.

சம்பந்தி குனிந்தார். ஒன்றை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். அதற்குப் பிறகு படகு புறப்படும் வரையில் அவருடைய முகத்தை நாங்கள் யாரும் பார்க்கவில்லை; முதுகைத்தான் பார்த்தோம்.

இங்கே அவருடைய பூர்வோத்தரத்தைச் சொல்லியாக வேண்டும். முப்பத்தைந்து வருஷ காலம் கணக்குத் தணிக்கை உத்தியோகம் பார்த்து, பிறர் எழுதிய பேரேடுகளில் எங்கேயாவது ஒரு ரூபாய் உதைக்கிறதா என்று தேடித் தேடியே கண்ணாடியின் பவரை ஏற்றிக்கொண்டவர் அவர். ஓய்வு பெற்ற நாள் முதலாக, தேடுவதற்கு ஒன்றுமில்லாமல் தவித்துக்கொண்டிருந்தார். இந்த ரகத்து மனிதர்களைப் பற்றி நான் கொண்டிருக்கும் அபிப்பிராயம் இதுதான்: அவர்கள் கண்ணாடியை விரும்புகிறவர்களே அல்ல, சும்மா இருக்கப் பயந்தவர்கள். பரந்த கடலும் வெட்ட வெளியும் எதிரே நின்று, செய்வதற்கு உனக்கு ஒரு வேலையுமில்லை என்று சொல்லும்போது அவர்களுக்கு உள்ளூர நடுக்கம் காண்கிறது. உடனே குனிந்து ஓர் ஆபீசைத் திறந்துவிடுகிறார்கள்.

ஆபீஸ் என்றால் நேரம் காலம் உண்டல்லவா? கடல் வற்றி இறங்கும் நேரத்தில்தான் நல்ல சரக்கு வெளியே வரும் என்பதால், ஏற்றவற்றப் பட்டியலை இரவே பார்த்து வைத்துக்கொண்டு அதற்குத் தக எழுந்திருக்கிறார்கள். முன்தினம் கடல் கொந்தளித்திருந்தால் விசேஷம். ஊரார் கவலைப்படும் புயலில் அவர்களுக்கு உள்ளூர ஒரு மகிழ்ச்சி. சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டுமா, முகத்துக்கு நேரே இருக்க வேண்டுமா என்பது பற்றி அவர்களுக்குள் இரண்டு சம்பிரதாயங்கள் இருக்கின்றன. முகத்துக்கு நேரே என்பவர்கள், வெளிச்சம் ஊடுருவி வந்தால் சில்லு தானே பளிச்சென்று தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்கிறார்கள். அகன்ற தொப்பி, முழங்கால் வரை மடித்த கால்சட்டை, இடுப்பில் ஒரு வலைப்பை; என் சம்பந்திக்கு வலைப்பை இல்லாத குறையைக் கோயில் பிரசாதம் வந்த துணிப்பை தீர்த்து வைத்தது.

இவ்வாறு இருவர் எதிரெதிரே வந்து சந்திக்கும் காட்சி பார்க்கத் தக்கது. வெயிலில் சிவந்துபோன ஓர் அமெரிக்க மாதரசி எதிரே வருகிறாள். இருவரும் முதலில் பார்ப்பது முகத்தை அல்ல, கையை. "நல்லதாக ஏதாவது கிடைத்ததா?" என்று அம்மாள் கேட்கிறாள். "பிரமாதமாக ஒன்றுமில்லை" என்று சம்பந்தி சொல்கிறார். சொல்லும்போதே விரல்கள் மூடிக்கொள்கின்றன. அவளும் தன் பங்குக்கு ஒன்றுமில்லை என்கிறாள். இருவரும் ஒருவர் சொன்னதை ஒருவர் சிறிதும் நம்பாமல், மிகுந்த மரியாதையோடு புன்னகை செய்து பிரிகிறார்கள். பிரிந்த பின் இவர் அவள் வந்த வழியிலும், அவள் இவர் வந்த வழியிலும் முன்னைவிடச் சிரத்தையாகத் தேடுகிறார்கள்.

அன்றிரவு சம்பந்தி தூங்கவில்லை. செல்பேசியை வைத்துக்கொண்டு அந்தச் சாஸ்திரம் முழுவதையும் கரைத்துக் குடித்துவிட்டார். காலைப் பலகாரத்தின்போது எங்களுக்குப் பாடம் நடந்தது. வெள்ளையும் பழுப்பும் பச்சையும் சாதாரணம். பீர் பாட்டிலின் சந்ததிகள். இளஞ்செந்நீலம் கொஞ்சம் மேல். அது பிறப்பால் வெள்ளைதான், மணலிலுள்ள இரும்பினால் வரும் பச்சைச் சாயலைப் போக்க அந்தக் காலத்தில் சேர்த்த மாங்கனீசு, வருஷக்கணக்காக வெயில் பட்டு அந்த நிறத்தைக் கொடுக்கிறது. முதல் உலக யுத்த காலத்தோடு அந்த வழக்கம் நின்றுபோயிற்றாகையால் அத்தகைய சில்லு வயதுக்கும் சான்று. கருநீலம் அதற்கும் மேல். சிவப்பு, கப்பல் விளக்குகளிலிருந்தும் மற்றும் சில பாத்திரங்களிலிருந்தும் வருவது, மகா அபூர்வம். ஆரஞ்சு நிறத்தைக் கண்டவர்கள் அதைப் பற்றி ஆயுள் பரியந்தம் பேசுகிறார்கள்.

"கருநீலம் எதுலேர்ந்து வருதுன்னு நினைக்கிறீங்க, சம்பந்தி?" என்றார்.

"எதுலேர்ந்து?"

"விக்ஸ் டப்பா! அப்புறம் மில்க் ஆஃப் மக்னீஷியா பாட்டில்!"

சற்று ஆலோசித்துப் பார்த்தால் இது எவ்வளவு விந்தை! என்றோ ஒருவருக்கு ஜலதோஷம் பிடித்தது. இன்னொருவருக்கு இரண்டு நாளாக வயிறு சரியாக இல்லை. அந்தத் துன்பங்களின் அவசேஷத்தை இன்றைக்கு ஒரு கனவான் முழங்காலிட்டு இரு விரலால் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். இதே கனவான் ஊரில் காலி விக்ஸ் டப்பாக்களைப் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிட்டு, நிறுவையில் நூறு கிராம் குறைகிறதென்று தெருவே வேடிக்கை பார்க்கச் சண்டை பிடித்தவர். பேரன் ஒரு கண்ணாடி டம்ளரை உடைத்ததற்காக ஒரு நாள் முழுவதும் சாப்பிடாமல் இருந்தவரும் இவரே. உடைந்ததை உடனே கடலில் போட்டுவிட்டு நாற்பது வருஷம் பொறுத்திருந்தால் கோபம் வந்திராது போலும்.

பொறுமை என்றதும் நினைவுக்கு வருகிறது. எடுத்த சில்லுகள் யாவும் பைக்குள் போய்விடுவதில்லை. கட்டை விரலால் விளிம்பைத் தடவி, பளபளப்பு மீதமிருந்தால், "இது இன்னும் வேகலை" என்று சொல்லிக் கடலிலேயே திருப்பி எறிந்துவிடுகிறார்கள். மணலையும் சோடாவையும் சுண்ணாம்பையும் சேர்த்து உருக்கியதுதானே கண்ணாடி? உப்புநீர் அந்தச் சோடாவையும் சுண்ணாம்பையும் அணு அணுவாகக் கழற்றிக்கொண்டு போக, மேற்பரப்பில் நுண்ணிய குழிகள் விழுந்து பனி படர்ந்தாற்போல் மங்கலாகிறது. அதற்குப் பல பத்து வருஷங்கள் வேண்டும். புதிதாய்ப் பளபளப்பதைக் கீழாகவும், தேய்ந்து மங்கியதை மேலாகவும் மதிக்கும் சபை வேறு எங்கே இருக்கிறது? ஓய்வு பெற்றவர்கள் இதில் மிகுதியாகச் சேருவதன் ரகசியம் இதுவாகவும் இருக்கலாம். இயந்திர உருளையில் போட்டு உருட்டியும், அமிலத்தில் ஊறவைத்தும் ஒரு வாரத்தில் மங்க வைத்து விற்கிறவர்களும் உண்டு. அவர்களைப் பற்றிப் பேசும்போது சம்பந்தி, கள்ளக் கையெழுத்துப் போட்ட குமாஸ்தாவைப் பற்றிப் பேசுகிற குரலில் பேசுகிறார். அவருடைய காசி இங்கிலாந்திலுள்ள சீஹம் என்ற ஊர். 1853-லிருந்து 1921 வரை அங்கே நடந்த பாட்டில் தொழிற்சாலை மிச்சக் கண்ணாடியைக் கடலில் கொட்டிய புண்ணியத்தால், ஒரே சில்லில் பல நிறங்கள் கலந்த சரக்கு அங்கே இன்றும் ஒதுங்குகிறதாம். அடுத்த வருஷம் போகலாமா என்று என்னைக் கேட்டார். எனக்கு முழங்கால் வலி என்று சொல்லிவைத்தேன்.

சம்பந்தியம்மாள் இத்தனைக்கும் வாய் திறவாமல் இட்லியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் அவர் உற்சாகத்தில் ஒரு படி மேலே போய், "தத்துவமாப் பார்த்தா, முந்தாநாள் நாம தரிசனம் பண்ணின ஸ்படிகமும் இதுவும் ஒரே வஸ்துதான், ரெண்டும் சிலிக்கா" என்று பிரமேயம் ஸ்தாபித்தபோது மாத்திரம், அம்மாள் கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்:

"அப்படின்னா ஊருக்குப் போனதும் பீர் பாட்டிலுக்குப் பாலாபிஷேகம் பண்ணுங்க. நான் விளக்கேத்தறேன்."

வேறொரு தொல்லை அவருக்கு மருமகள் ரூபத்தில் வந்தது. ஹவாயில் கடற்கரை மணலையும் கல்லையும் பவளத் துண்டுகளையும் எடுத்துப் போகச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. கண்ணாடியையும் அங்கேயே விட்டுச் செல்ல வேண்டுமென்பதே உள்ளூர்க்காரர்களின் விருப்பம். "மாமா, வர்றவங்க எல்லாரும் ஆளுக்கு ஒரு பை அள்ளினா அப்புறம் அது வெறும் பீச்தான்" என்றாள் என் மகள். சம்பந்தி சட்டத்தின் வாசகத்தைத் தருவித்துப் படித்தார். கண்ணாடி மணலா, கல்லா? மணலாக இருந்தது, இப்போது மணல் அல்ல, போகப் போக மறுபடியும் மணலாகும், ஆகையால் இடைக்காலத்தில் அதன் அந்தஸ்து என்ன என்பதாக அரைமணி நேரம் விவாதித்தார். மாப்பிள்ளை தம் பங்குக்கு, எரிமலைத் தேவி பேலேயின் கல்லை எடுத்துப்போனவர்களுக்குக் கேடு வரும் என்று ஒரு நம்பிக்கை இருப்பதையும், சுற்றுலா வந்து கல்லைக் கொண்டுபோனவர்கள் பிறகு பயந்து மன்னிப்புக் கடிதத்தோடு அதைப் பார்சலில் திருப்பி அனுப்புவது இன்றளவும் நடப்பதையும் எடுத்துச் சொன்னார். "சனியனை எதுக்கு விலை கொடுத்து வாங்கணும்?" என்று அம்மாள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அதே வட்டாரத்தில், ஹனபேபே உப்பளங்களில் பரம்பரையாக உப்பு விளைவிக்கும் குடும்பங்கள் அந்த உப்பை விற்பதே இல்லை, வேண்டியவர்களுக்குக் கொடுக்க மட்டுமே செய்கிறார்கள் என்று மகள் சொன்னதும் அவருக்கு அறிவுரையாகத்தான். அவர் அதைக் காதில் வாங்காமல், அங்கே கரையில் சரக்கு ஒதுங்குமா என்று விசாரித்தார்.

எனினும் அவர் நேர்மையானவர். புறப்படுவதற்கு முன் எங்களையெல்லாம் மறுபடியும் கிளாஸ் பீச்சுக்கு அழைத்துப் போய், துணிப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கொட்டினார். கொட்டுவதற்கு முன்பே, ஹோட்டல் அறைக் காகிதத்தில் நிறவாரியாக ஜாபிதா தயாராகியிருந்தது. வரவு ஒரு பத்தி, திருப்பி ஒப்படைத்தது ஒரு பத்தி, குறிப்பு ஒரு பத்தி. விமான நிலையத்தில் உட்கார்ந்திருந்தபோது அதை என்னிடம் நீட்டி, "சம்பந்தி, சாட்சிக் கையெழுத்து ஒண்ணு போட்டுடுங்க" என்றார். வாங்கிப் பார்த்தேன். வெள்ளை, பழுப்பு, பச்சை எல்லாம் இரு பத்தியிலும் சரியாக இருந்தன. கருநீலம் மாத்திரம் வரவில் ஒன்று, ஒப்படைத்ததில் ஒன்றுமில்லை. குறிப்புப் பத்தியில், "போக்குவரத்தில் உள்ளது" என்று மணிமணியான கையெழுத்தில் எழுதியிருந்தார். நான் அவர் சட்டைப் பையைப் பார்த்தேன்; அவர் விமானம் எத்தனை மணிக்கு என்று அம்மாளைக் கேட்டார்.