செஞ்சிக் கோட்டையும் ஏழுசுவைப் பொடியும்

2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியப் படைத்தளங்கள் என்று 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், மிச்சமுள்ள ஒன்று எங்கள் செஞ்சி. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன்துர்க்கம் என்ற மூன்று மலைகளுக்கும் அவற்றை வளைத்து ஓடும் மதிலுக்கும் உரிய மரியாதை ஒருவழியாக வந்து சேர்ந்தது. மகிழ்ச்சி. ஆனால் அந்த மதிலுக்குள் இருந்தவர்கள் எதைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. தொட்டுக்கொள்வதைத் தொடாத வரலாறு என்ன வரலாறு?

அக்குறையைத் தீர்க்கவே இவ்வாய்வு புகுந்தது. புகுந்த வழி சற்றுச் சுற்றுவழி. ஜப்பான் வழியாக.

இக்கட்டுரையாளரின் அக்கா மகன் ஒரகடத்தில் ஒரு ஜப்பானிய நிறுவனத்தில் வேலை பார்க்கிறான். பொங்கலுக்கு வந்தவன், “மாமா, இது உங்களுக்கு” என்று விரல் நீளக் கண்ணாடிக் குப்பி ஒன்றைக் கொடுத்தான். உள்ளே 15 கிராம் பொடி. பெயர் ஷிச்சிமி தொகராஷி. ஷிச்சி என்றால் ஏழு. மி என்றால் சுவை. அந்த ஊரில் நூடுல்ஸ் சூப்பிலும் சுட்ட கோழியிலும் தூவுவார்களாம். இக்கட்டுரையாளர் தோசையில் தூவினார், தயிர்ச்சோற்றில் தூவினார், அவித்த மல்லாட்டையில் தூவினார். (பிற மாவட்டத்தார் வேர்க்கடலை என்று படித்துக்கொள்க.) பதினோராம் நாள் குப்பி காலி. இன்னொன்று கேட்டதற்கு, “யாராவது அங்க போனா சொல்றேன் மாமா” என்றான். யாரும் போகவில்லை. கோட்டைக்கு வெளியிலிருந்து வரத்து நின்றுவிட்டால் உள்ளே இருப்பவன் என்ன செய்வான்? இருப்பதை வைத்துச் சமாளிப்பான். ஆய்வு அங்கேதான் பிறந்தது.

முதலில் சொல்லாய்வு. வேர்ச்சொல்லில் தொடங்கினால்தான் பின்னால் வரும் பிழைகளுக்கு ஒரு கௌரவம் கிடைக்கும்.

தொகராஷியில் உள்ள கராஷி என்பது கடுகு. முன்னால் நிற்பது சீனத்துத் தாங் வம்சத்தின் எழுத்து. நாம் எதற்கெடுத்தாலும் ‘சீமை’ என்று ஒட்டுகிறோமே, அந்த மாதிரி. ஆக, மிளகாய்க்கு ஜப்பானியர் வைத்த பெயர் சீமைக்கடுகு. சிரிக்க வேண்டாம். நாம் வைத்த பெயர் மட்டும் என்ன? மிளகு, காய். அமெரிக்காவில் பிறந்து 16-ஆம் நூற்றாண்டில் கடல் கடந்து வந்து இறங்கிய அந்நியனை, கடுகு தெரிந்தவன் கடுகு என்றான். மிளகு தெரிந்தவன் மிளகு என்றான். இரண்டு பேருக்கும் கண்ணில் நீர் வந்தது ஒன்றுதான்.

அடுத்து ஊர்ப்பெயர். ஷிச்சிமியில் சேர்வனவற்றுள் ஒன்று இஞ்சி. தமிழில் இஞ்சி இரு பொருள் தரும். ஒன்று துவையல் அரைப்பது. மற்றது கோட்டை மதில். பழம்பாடல் படித்தவர்கள் இரண்டாவதை அறிவர். சமைக்கத் தெரிந்தவர்கள் முதலாவதை அறிவர். இரண்டும் அறிந்தவர்கள் அரிது. செம்மையான இஞ்சியை உடைய ஊர் செவ்விஞ்சி. அது மருவிச் செஞ்சி. இக்கருத்தை நண்பர்களிடம் வைத்தபோது, சிங்கபுரம் என்ற பழம்பெயரையும் செஞ்சியம்மனையும் காட்டி ஆட்சேபித்தனர். ஆட்சேபம் நியாயமானது. ஆகவே இக்கருத்து கைவிடப்படுகிறது. ஆனால் கட்டுரையிலிருந்து நீக்கப்படவில்லை.

இன்னொன்றும் உண்டு. ஆங்கிலேயர் எங்கள் ஊரை ஜிஞ்ஜி என்றனர். எள்ளை ஜிஞ்ஜெலி என்றனர். ஷிச்சிமியில் எள் இல்லாமல் முடியாது. இரண்டையும் சேர்த்துப் பார்த்த இரவில் இக்கட்டுரையாளர் தூங்கவில்லை. காலையில் அகராதி தூக்கத்தைத் திருப்பிக் கொடுத்தது. அது அரபியில் ஜுல்ஜுலான், போர்ச்சுக்கீசியத்தில் ஜெர்ஜெலிம், அங்கிருந்து ஜிஞ்ஜெலி. செஞ்சிக்கு அதில் எள்ளளவும் பங்கில்லை.

ஆனால் மூன்றாவது சான்றை யாரும் அசைக்க முடியாது. கிருஷ்ணப்ப நாயக்கர் காலத்தில், 1597-இல், ஏசுசபைப் பாதிரியார் ஒருவர் செஞ்சிக்கு வந்தார். ஊரின் பெருமையை வியந்து எழுதியும் வைத்தார். அவர் பெயர் பிமெண்டா. போர்ச்சுக்கீசிய மொழியில் பிமெண்டா என்றால் மிளகு. மிளகாய்க்கும் அதே சொல்தான். எனவே மிளகாய் செஞ்சிக்கு வந்தது எந்த ஆண்டு என்று கேட்பவருக்குத் தயங்காமல் 1597 என்று சொல்லலாம். வந்தது பாதிரியார்தானே என்பவர்கள் ஆய்வின் நுட்பம் அறியாதவர்கள்.

பிமெண்டா வந்துபோய் 28 ஆண்டு கழித்து, 1625-இல், எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், ஷிச்சிமி விற்பனைக்கு வந்தது. இடத்தின் பெயர் யாகென்போரி. யாகென் என்பது மருந்து இடிக்கும் படகு வடிவத் தொட்டி. அதற்குள் ஒரு சக்கரத்தை முன்னும் பின்னும் உருட்டுவார்கள். போரி என்றால் வெட்டிய கால்வாய், அகழி. வைத்தியர்களும் மருந்துச் சரக்கு விற்பவர்களும் இருந்த வட்டாரம் அது. இங்கே வாசகர் சற்று நிற்க வேண்டும். அகழி எங்களிடம் இல்லையா? 80 அடி அகலத்துக்கு இருக்கிறது. படகு வடிவத்தில் மருந்தரைக்கும் கருவி இல்லையா? சித்த வைத்தியர் வீட்டுக் கல்வத்தைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை; சக்கரத்துக்குப் பதில் குழவி, அவ்வளவே வேறுபாடு. அகழியும் கல்வமும் இருந்த ஊரில் ஏழுசுவைப் பொடி பிறக்காமல் போனது எப்படி?

பிறந்தது. நாம் அதை இட்லி மிளகாய்ப்பொடி என்கிறோம். எண்ணிப் பாருங்கள்: உளுத்தம்பருப்பு, கடலைப்பருப்பு, வரமிளகாய், எள், பூண்டு, கறிவேப்பிலை, பெருங்காயம். ஏழு. உப்பு? உப்பை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அது தண்ணீரைப் போல. (பூண்டு சேர்க்காத வீட்டார் வெல்லத்தைச் சேர்த்து எண்ணிக்கொள்ளலாம். புளியும் சேர்ப்பவர்கள் தனிக்கட்டுரை எழுதுக.) எடோவின் பழைய செய்முறையோ, வறுத்த மிளகாய் ஒன்று, வறுக்காத மிளகாய் ஒன்று என்று மிளகாயையே இரண்டாக எண்ணித்தான் ஏழைத் தொடுகிறது. இந்தக் கணக்கை நம் வீட்டுப் பெண்கள் ஒப்பார்கள்.

பட்டணத்து ஓட்டல்களில் இப்பொடிக்கு ‘கன் பவுடர்’ என்று பெயர். செஞ்சிக் கோட்டைக்குள் வெடிமருந்துக் கிடங்கும் இருக்கிறது, நெற்களஞ்சியமும் இருக்கிறது. வெடிமருந்தில் 100 பங்குக்கு 75 வெடியுப்பு, 15 கரி, 10 கந்தகம். மூன்றே சரக்கு. அதைவிட நான்கு கூடுதலாகச் சேர்ப்பது நம் பொடி. எது நுட்பமான தொழில் என்பதை வாசகர் முடிவுக்கே விடுகிறோம்.

நகையாட்டு போகட்டும். பொடி என்பது முற்றுகைக் காலத்துச் சரக்கு என்பதில் இக்கட்டுரையாளருக்கு ஐயமே இல்லை. 1690-இல் முகலாயப் படை செஞ்சியைச் சூழ்ந்தது; உள்ளே சிவாஜியின் மகன் ராஜாராம். கோட்டை விழுந்தது 1698-இல். இடையில் நடந்த வேடிக்கை, முற்றுகையிட்டவர்களே முற்றுகைக்குள் சிக்கியது. மராட்டியத் தளபதிகள் சந்தாஜியும் தனாஜியும் வெளியே சுற்றிச் சுற்றித் தானிய வண்டிகளை மறிக்க, முகலாயத் தளபதி சுல்பிகர் கான் படை பட்டினியில் வாடி, 1693 தொடக்கத்தில் வந்தவாசிக்குப் பின்வாங்கியது. தேங்காய், கொத்தமல்லி எல்லாம் வெளியிலிருந்து அன்றாடம் வர வேண்டியவை. சட்னி சமாதான காலத்து உணவு. வண்டி வராத நாளிலும் தாக்குப்பிடிப்பது டப்பாவில் இருக்கும் பொடிதான். மழை நாளில் ஏழு மணிக்குக் கரண்ட் போய் மிக்ஸி ஓடாத வீட்டில் இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

இனிச் செய்முறை. யாகென்போரி கற்றுத்தந்த பாடம் ஒன்று: இது சமையற்கட்டில் பிறந்த மசாலா அல்ல, வைத்தியர் தெருவில் பிறந்த சூரணம். ஆகவே செஞ்சிக் கடைத்தெருவில் மளிகைக் கடையைத் தாண்டி நாட்டு மருந்துக் கடைக்குப் போக வேண்டும். இக்கட்டுரையாளர் போனார். சுக்கு, கறுப்பு எள், கசகசா கிடைத்தன. (இதே கசகசாவைச் சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ எடுத்துப்போனால் சிக்கல், உறவினர் பெட்டியில் போட வேண்டாம்.) ஷிச்சிமிச் சரக்குப் பட்டியலில் அடுத்தது கஞ்சாச் செடியின் விதை. ஜப்பானில் முளைக்காதபடி சூடேற்றி விற்கிறார்கள். போதை எதுவும் கிடையாது. கேட்டதும் கடைக்காரர் தராசை வைத்துவிட்டுப் பார்த்தார். “சார், நீங்க வாத்தியாரா இருந்தவரு. இதெல்லாம் வேணாம் சார்.” இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021-இல் அவ்விதையை உணவாக ஏற்றுக்கொண்டதை இக்கட்டுரையாளர் விளக்கத் தொடங்கியபோது, கடையில் நின்ற மற்ற இருவர் இரண்டடி தள்ளி நின்றனர். அப்பொருள் ஆய்விலிருந்து விலக்கப்பட்டது.

பட்டியலில் அதற்கடுத்த சான்ஷோ என்பது எலுமிச்சைக் குடும்பத்து மரமொன்றின் காய்த்தோல். மணக்கும், நாக்கை மரத்துப்போகச் செய்யும். கொங்கண மீன்குழம்பில் போடும் திர்பல் அதற்கு நெருங்கிய சொந்தம், ராஜாராமின் ஆட்கள் மடியில் முடிந்து வந்திருக்கலாம் என்று எழுதக் கை துடிக்கிறது, சான்றில்லை. “நாக்கு மரக்கணும், அவ்வளவுதானே? அக்கரகாரம் போடுங்க” என்றார் கடைக்காரர். ஒரு துண்டை மென்றதில் அரை மணி நேரம் ழகரம் வரவில்லை. தமிழாசிரியனுக்கு அது கை போன மாதிரி. கடைசியில் வழி காட்டியது வேப்பிலைக்கட்டி. பெயரில்தான் வேப்பிலை, உள்ளே இருப்பது நாரத்தை இலை. அதே இலையை உலர்த்தி மிளகோடு இடித்ததில் சான்ஷோவின் நிழல் தட்டுப்பட்டது. கடற்பாசிக்குப் பதில் முருங்கைக்கீரை, நிழலில் காயவைத்தது.

அளவு இது. வரமிளகாய் விதை நீக்கிப் பொடித்தது 2 மேசைக்கரண்டி. பாதி வறுத்தது, பாதி வறுக்காதது, ஆனால் ஒன்றாகவே எண்ணப்பட்டது. கமலா ஆரஞ்சுத் தோல், உள்வெள்ளையைச் சுரண்டிவிட்டுச் செஞ்சி வெயிலில் இரண்டு நாள் காய்ந்தது, தூளாக 1 மேசைக்கரண்டி. கறுப்பு எள் 2 தேக்கரண்டி. நாரத்தை இலையும் மிளகும் சேர்ந்து 2 தேக்கரண்டி. கசகசா 1, முருங்கை 1, சுக்கு அரை. எள்ளை வெறும் வாணலியில் வறுக்க வேண்டும். மூன்றாவது எள் அடுப்பைத் தாண்டித் தரையில் விழுவது பதம். மிக்ஸி கூடாது, எள் எண்ணெய் விட்டுப் பொடி கட்டியாகிவிடும். சிறிய உரலில் மிளகாயையும் தோலையும் இலையையும் கரகரப்பாக இடித்து, எள்ளையும் கசகசாவையும் முழுசாகவே கலக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் வைத்தால் ஆரஞ்சு மணம் போய்விடும். ஆகவே கொஞ்சமாகத்தான் செய்ய வேண்டும்; ஊருக்கெல்லாம் கொடுக்கிற சரக்கு இல்லை.

முறைப்படி ஆய்வு மதிப்பீட்டுக்கு அனுப்பப்பட்டது. மதிப்பீட்டாளர் அடுப்படியில் இருந்தார். உள்ளங்கையில் கொஞ்சம் போட்டு நாக்கில் வைத்தவர், பிமெண்டாவையும் யாகென்போரியையும் பற்றிய முன்னுரையைக் கேட்க மறுத்துவிட்டார்.

“என்னங்க, உப்பு போட மறந்துட்டீங்களே.”

ஷிச்சிமியில் உப்பே கிடையாது, உலகெங்கும் அப்படித்தான் என்று விளக்கப்பட்டது.

“அவங்க அத உப்பு இருக்கிற சூப்புல தூவுறாங்க. நீங்க கையில கொட்டி நக்கிக்கிட்டு இருக்கீங்க.”

மரக்காணத்துக் கல்லுப்பு 1 தேக்கரண்டி வறுத்து இடித்துச் சேர்க்கப்பட்டது. ஜப்பானிய மொழியில் எட்டுக்கு ஹச்சி என்று பெயர். டப்பாவில் ஒட்டிய சீட்டில் ஷிச்சிமியை அடித்துவிட்டு ஹச்சிமி என்று எழுதியிருக்கிறேன்.