மணலியில் கெட்டுப்போன சம்பிரதாயம்

பையன் சாக்ஸபோன் கேட்கிறான், ஜாஸ் கற்றுக்கொள்ள வேண்டுமாம் என்று அம்பத்தூர், ஆவடிப் பக்கம் ஏதாவது ஒரு வீட்டில் வாயைத் திறந்து பாருங்கள். "முதல்ல வர்ணத்தை முடிக்கட்டும்" என்று பாட்டி கட்சி கிளம்பிவிடும். சம்பிரதாயம் கெட்டுவிடுமாம். அது கெட்டு இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. கெட்ட இடமும் தூரமில்லை. மாதவரம் தாண்டினால் மணலி.

பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசி. மணலி முத்துகிருஷ்ண முதலியார் கவர்னர் பிகட்டின் துபாஷாக இருந்தவர். கும்பெனியை அண்டிச் சேர்த்த காசில் சங்கீதமும் வளர்ந்தது. ஹம்ஸத்வனி ராகத்தை உண்டாக்கிய ராமஸ்வாமி தீட்சிதரைக் குடும்பத்தோடு ஆதரித்தார் மகன் சின்னையா முதலியார். அதோடு நிறுத்தியிருக்கலாம். தீட்சிதரின் பிள்ளைகளைக் கோட்டைக்குக் கூட்டிப்போய் வெள்ளைக்கார பேண்டையும் கேட்கவைத்தார்.

கடைக்குட்டி பாலுஸ்வாமி பிடிலில் விழுந்தார். வீட்டில் வீணை இருக்க, ஐரோப்பியர் ஒருவரிடம் மூன்று வருஷம் பாடம்! துரை நின்றுகொண்டு மோவாய்க்கடியில் இடுக்கிய வாத்தியத்தை, நம்மவர்கள் சப்பணமிட்டு உட்கார்ந்து, அதன் சுருள்தலையை வலது கணுக்காலில் சாய்த்தார்கள். தந்திகளை சட்ஜம், பஞ்சமம் என்று மாற்றிச் சுருதி கூட்டினார்கள். கமகம் வழுக்கிக்கொண்டு வந்தது. பிடிலுக்குப் பூணூல் போட்டாயிற்று.

அண்ணன் முத்துஸ்வாமி லேசுப்பட்டவரா? இங்கிலாந்து ராஜாவை வாழ்த்தும் மெட்டில் 'சந்ததம் பாஹிமாம்' என்று சமஸ்கிருதத்தைப் போட்டார். மூன்றாம் ஜார்ஜ் இருந்த இடத்தில் அம்பாள் வந்து உட்கார்ந்தாள். இப்படி முப்பதுக்கு மேல் நோட்டு ஸ்வரங்கள். இன்று குழந்தைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பதும் சம்பிரதாயம்தான்.

சாக்ஸபோன் கதையும் முடிந்துபோன கதையே. மைசூர் அரண்மனை பேண்டில் அதைக் கேட்டு மயங்கினார் நாகஸ்வரக்காரர் மகன் கத்ரி கோபால்நாத். சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் பாடம் கேட்டார். 1980-இல் பம்பாய் ஜாஸ் யாத்ராவில் அவர் வாசித்ததைக் கேட்டு, அமெரிக்க ஜாஸ்காரர் ஜான் ஹாண்டி தானும் சேர்ந்து வாசிக்க ஆசைப்பட்டார். கத்ரி ஜாஸைத் தேடிப் போகவில்லை, ஜாஸ்தான் தேடி வந்தது. வர்ணம் வீண்போகாது என்று பாட்டி சொல்வது இந்த அளவுக்குச் சரி.

ஆனால் பாட்டி கட்சி வேதமாகத் தூக்கிப்பிடிக்கும் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' யார் கைவேலை? 1904-இல் எட்டயபுரத்தில் அச்சான அந்தப் புத்தகத்தை எழுதிய சுப்பராம தீட்சிதர், பிடில் பாலுஸ்வாமியின் மகள் வயிற்றுப் பேரன். பிறகு சுவீகாரப் பிள்ளை. எழுதத் தூண்டியவர்களில் ஒருவர், நம் கீர்த்தனைகளை ஐரோப்பிய நொட்டேஷனில் அச்சிட்ட சின்னசாமி முதலியார்.

எனவே பாட்டிகளே, பையனுக்கு வாங்கிக் கொடுத்துவிடுங்கள். யோசிக்க வேண்டியது சாக்ஸபோன் விலையை மட்டும்தான்.