தண்ணி வண்டி: கேள்வி – பதில்

(இந்த வாரம்: வால்பாறை ஏறும் சைக்கிள்காரர்களின் எவர்சில்வர் பாட்டில் கவலைகள்)

? சைக்கிளில் வால்பாறை போகலாம் என்றிருக்கிறேன். எவர்சில்வர் பாட்டிலுக்கு எந்த ஹோல்டர் வாங்கலாம்?
*– முதல்முறை ஏறுபவர், பொள்ளாச்சி*

கடைக்குப் போகும் முன் வீட்டில் தையல் டேப் எங்கே என்று தேடுங்கள். சைக்கிள் பாட்டிலுக்கென்று உலகம் ஏறத்தாழ ஒப்புக்கொண்ட விட்டம் 73, 74 மில்லிமீட்டர். அதாவது பாட்டிலின் இடுப்பைச் சுற்றி அளந்தால் 23 சென்டிமீட்டர் வர வேண்டும். வந்தால் சாதாரண ஹோல்டர் போதும். 20 வந்தால் பாட்டில் உள்ளே வள்ளி கும்மி ஆடும். 27 வந்தால் உள்ளேயே போகாது. சட்டையைத் தைத்து வைத்துவிட்டு மாப்பிள்ளை தேடுகிறவர் உண்டா? அளவெடுத்த பிறகுதான் ஹோல்டர்.

? ஹோல்டருக்கு நல்ல தமிழ்ப் பெயர் ஒன்று சொல்லுங்களேன்.
*– தமிழாசிரியர், கோபிசெட்டிபாளையம்*

ஆங்கிலத்தில் அதைக் கூண்டு என்றுதான் சொல்கிறார்கள். 'பாட்டில் கூண்டு' என்று கடையில் கேட்டுப் பாருங்கள். கிளி எந்த ஊர்க் கிளி என்பார் கடைக்காரர். அதுவரை ஹோல்டரே இருக்கட்டுங்க ஐயா.

? அலுமினியம், எவர்சில்வர், பிளாஸ்டிக், கார்பன். எதற்கு ஓட்டு?
*– குழம்பியவர், சரவணம்பட்டி*

முதலில் ஒரு விஷயம். சைக்கிளுக்கென்றே செய்த பிளாஸ்டிக் பாட்டிலின் மேற்பகுதியில் ஒரு பள்ளம் இருக்கும். ஹோல்டரின் நாக்கு அதில் போய் உட்காரும். நம் எவர்சில்வர் பாட்டில்கள் பெரும்பாலும் வழுவழு உருளை. பள்ளமும் இல்லை, பிடிமானமும் இல்லை. ஹோல்டர் கட்டிப்பிடிக்கிற பிடி ஒன்றுதான் காப்பு. அதனால் பொருளைவிட முக்கியம், அது ஸ்பிரிங் மாதிரி திரும்பி வந்து இறுக்குகிறதா என்பது.

அலுமினியம்: மலிவு, லேசு. தளர்ந்தால் கையால் வளைத்து இறுக்கலாம். ஆனால் வளைக்க வளைக்க ஒருநாள் பட்டென்று முறியும்.

எவர்சில்வர் கம்பி அல்லது குழாய்: என் ஓட்டு இதற்கே. நல்ல ஸ்பிரிங் குணம், துரு பயம் குறைவு, வளைத்தாலும் பொறுத்துக்கொள்ளும். அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் டுராங்கோ என்ற மலையூரில் 'கிங் கேஜ்' என்று இதற்காகவே ஒரு பட்டறை உண்டு. மலைக்காரனின் கஷ்டம் மலைக்காரனுக்குத்தான் தெரியும்.

பிளாஸ்டிக்: சத்தம் போடாது, பாட்டிலின் பெயின்ட்டை உரிக்காது. தடித்த ரகமாகப் பார்த்து வாங்கினால் தாங்கும்.

கார்பன்: எடையைக் குறைக்கக் கார்பன் ஹோல்டர் வாங்கி அதில் எவர்சில்வர் பாட்டிலைச் செருகுவது, டயட் இருந்துகொண்டே கல்யாணப் பந்தியில் முதல் இலையில் உட்காருவது மாதிரி.

? வீட்டுக்காரர் சைக்கிளில் கொண்டுபோகும் பாட்டிலைக் கழுவினால் கையெல்லாம் கருப்பு. எங்கே போய் வருகிறார்?
*– சந்தேகப்படும் இல்லத்தரசி, உடுமலை*

அலுமினிய ஹோல்டரிடம் போய் வருகிறார். மெத்தான அலுமினியத்தைக் கெட்டியான எவர்சில்வர் உரச உரச, தேய்ந்த தூள் கருஞ்சாம்பல் நிறத்தில் பாட்டிலில் ஒட்டும். தண்ணீர் இருப்பது பாட்டிலுக்குள். கறை இருப்பது வெளியே. அவர் மேல் தப்பில்லைங்க அம்மிணி. ஹோல்டரை மாற்றச் சொல்லுங்கள்.

? ஆழியாறிலிருந்து மேலே ஏறும்வரை பாட்டில் அசையவில்லை. இறங்கும்போது விழுந்துவிட்டது. ஏன்?
*– பாட்டில் இழந்தவர், பீளமேடு*

ஏறும்போது நீங்கள் போன வேகத்தில் பாட்டில் தூங்கியிருக்கும். அந்த 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்றம் சோதிப்பது உங்கள் நுரையீரலை. இறக்கம் சோதிப்பது உங்கள் ஹோல்டரை. வேகம், பிரேக், ஒட்டுப்போட்ட ரோடு எல்லாம் சேர்ந்து பாட்டிலை மேல்நோக்கி உதறும். ஒரு லிட்டர் தண்ணீரே ஒரு கிலோ. அதோடு எவர்சில்வர் கனம். பின்னால் வரும் பைக்கின் முன்சக்கரத்தடியில் அது உருண்டால் நஷ்டம் பாட்டிலோடு நிற்காது.

அடுத்த முறை வீட்டு வாசலிலேயே பரீட்சை வையுங்கள். பாட்டிலை நிறைத்துச் செருகி, முன்சக்கரத்தை ஒரு சாண் தூக்கிப் பத்து தடவை தரையில் போடுங்கள். பிறகு தெருவின் வேகத்தடையைக் கொஞ்சம் துணிச்சலோடு தாண்டுங்கள். பாட்டில் ஓரங்குலம் மேலே வந்திருந்தால் அந்த ஹோல்டர் ஒன்பதாவது வளைவுக் காட்சிமுனையைத் தாண்டாது. ஒரு எலாஸ்டிக் பட்டையைக் கழுத்தோடு சேர்த்துப் போட்டுவிட்டால் நிம்மதி.

? என் பாட்டில் ஒல்லி. ஹோல்டரில் லொடலொடக்கிறது. புது ஹோல்டர் வாங்கத்தான் வேண்டுமா?
*– சிக்கனக்காரர், ஈரோடு*

ஈரோட்டுக்காரரிடம் செலவு சொல்வேனா? பஞ்சர் கடையில் பழைய டியூப் ஒரு துண்டு கேளுங்கள். ஹோல்டரின் கம்பிகளில் சுற்றுங்கள், அல்லது வளையமாக வெட்டிப் பாட்டிலுக்கே மாட்டுங்கள். பிடி கூடும், சத்தம் அடங்கும், பெயின்ட் பிழைக்கும். வால்பாறை பக்கம் புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் ரோட்டில் அடிபடாமல் இருக்க, மரத்துக்கு மரம் பழைய தீயணைப்புக் குழாயில் பாலம் கட்டியிருக்கிறார்கள். பழைய குழாயில் குரங்கே ரோட்டைத் தாண்டுகிறது. பழைய டியூப்பில் உங்கள் பாட்டில் நிற்காதா?

? பாட்டில் கடகடவென்று சத்தம் போட்டால் யானை ஒதுங்கிப் போய்விடும் என்கிறான் நண்பன். நிஜமா?
*– பயந்தவர், கிணத்துக்கடவு*

அந்த நண்பரை முன்னால் போகச் சொல்லுங்கள். வால்பாறையில் யானை பக்கத்தில் இருந்தால் செல்போனிலிருந்தே எரியவைக்கும் சிவப்பு விளக்குகளும், குறுஞ்செய்தி எச்சரிக்கையும் பல வருடமாக நடைமுறையில் இருக்கின்றன. விளக்கு எரிந்தால் நில்லுங்கள். யானைக்குப் பாட்டில் சத்தம் பயம் அல்ல; எரிச்சல். எரிச்சலான யானையைவிட அமைதியான ஹோல்டர் மலிவு.

? எச்சில் படாமல் அண்ணாந்து குடித்தே பழக்கம். சைக்கிளில் முடியுமா?
*– ஆசாரமானவர், பேரூர்*

முடியும். அண்ணாந்ததும் வானம் தெரியும். அடுத்து வானத்தில் இருப்பவரே தெரிவார். எவர்சில்வரைப் பிளாஸ்டிக் மாதிரி பிதுக்கவும் முடியாது. திருகு மூடி என்றால் திறக்க இரண்டு கை வேண்டும். ஹேண்டில்பாருக்கு மூன்றாவது கை யாருடையது? ரோட்டோரம் நிறுத்துங்கள், ஒரு காலை ஊன்றுங்கள், குடியுங்கள். 40 வளைவில் நாலு நிறுத்தம் ஒன்றும் அவமானமில்லை. ஓட்டிக்கொண்டே குடிக்கத்தான் ஆசை என்றால், உறிஞ்சுகுழாய் வைத்த மூடியுள்ள எவர்சில்வர் பாட்டில் வாங்குங்கள்.

? செம்புப் பாட்டிலில் எலுமிச்சை ஜூஸ் கொண்டுபோனால் இரட்டிப்பு ஆரோக்கியமா?
*– இயற்கை விரும்பி, காங்கேயம்*

இரட்டிப்பு வயிற்றுவலி. செம்பில் புளிப்பு பட்டால் செம்பு கரைந்து இறங்கும். பாட்டி புளி போட்டுச் செம்பைத் துலக்கிய ரகசியமே அதுதான். எலுமிச்சையோ மோரோ, எவர்சில்வரில் ஊற்றுங்கள். அதிலும் மோரை வெயிலில் மூடி வைத்துக் குலுக்கினால், திறக்கும்போது முகத்துக்கே அபிஷேகம். போதாததற்குச் செம்பு மெத்து. இறுக்கமான ஹோல்டரில் நாலு பயணத்தில் நசுங்கும்.

? பொள்ளாச்சியிலிருந்து சூடான டீயை வெந்நீர்ப் பாட்டிலில் கொண்டுபோக எந்த ஹோல்டர்?
*– டீ பிரியர், ஆனைமலை*

தேயிலைத் தோட்டத்துக்கே டீ கொண்டுபோகிறீர்கள். கொல்லன் தெருவில் ஊசி விற்றவரின் வம்சமா? சரி, ஆசைப்பட்டுவிட்டீர்கள். 1892-இல் ஜேம்ஸ் டூவர் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்த உத்திதான் அந்தப் பாட்டில். இரண்டு சுவர், நடுவில் காற்றுகூட இல்லை. வெளிச்சுவர் நசுங்கி உள்சுவரைத் தொட்டால் சூடு அந்த வழியே ஓடிவிடும். ஆகவே வலுக்கட்டாயமாகத் திணிக்கும் ஹோல்டர் ஆகாது. அகலத்தைக் கூட்டிக் குறைக்கும் ரகத்தை வாங்கி, முன்பக்கச் சாய்வுக் குழாயில் மாட்டுங்கள். சீட்டுக் குழாயைவிட அங்கே இடம் அதிகம்.

? அளவெல்லாம் சரி. ஆனால் பாட்டிலை வெளியே எடுக்கும்போது மேல் குழாய் இடிக்கிறதே?
*– குட்டை ஃபிரேம்காரர், மேட்டுப்பாளையம்*

சுற்றளவை அளந்தீர்கள், உயரத்தை மறந்தீர்கள். பொண்ணு பார்க்கப் போனவர் வீட்டு வாசற்படி உயரத்தையும் பார்த்திருக்க வேண்டும். பக்கவாட்டில் இழுத்து எடுக்கும் ஹோல்டர் கிடைக்கிறது. வலக்கைக்காரர், இடக்கைக்காரர் இருவருக்கும் தனித்தனியாக உண்டு. கேட்டு வாங்குங்கள்.

? பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிள்தான் என்னுடையது. ஹோல்டர் மாட்ட ஓட்டையே இல்லை. டிரில் போடலாமா?
*– மாணவி, ரொட்டிக்கடை*

வேண்டாம் கண்ணு! ஓட்டை போட்ட இடத்தில் குழாய் பலமிழக்கும்; மழை உள்ளே இறங்கித் துருப்பிடிக்கும். உங்கள் ஊர் மழையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஓட்டை உள்ள சைக்கிள்களில் இரண்டு ஓட்டைக்கும் நடுவே 64 மில்லிமீட்டர் இருக்கும். ஹோல்டர்கள் அந்தக் கணக்கில்தான் வரும். அந்த இரண்டு ஓட்டைக்குப் பதிலாகக் குழாயைச் சுற்றிக் கட்டும் கிளாம்ப் விற்கிறார்கள். கிடைக்காவிட்டால் பிளம்பர் கடை ஹோஸ் கிளிப் இரண்டு, அடியில் டியூப் துண்டு. அதுவும் வேண்டாமென்றால் முன்கூடையில் பாட்டிலைத் துண்டில் சுருட்டி வை. படிப்பைக் கவனி.

? போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும்?
*– பலசாலி, பல்லடம்*

உங்கள் பலத்தில் பாதிக்கும் பாதி. அது வெறும் 5 மில்லிமீட்டர் போல்ட். பெரும்பாலும் 4 மில்லிமீட்டர் அலன் கீ சேரும். அலுமினிய ஃபிரேமில் அதற்கான மரை, குழாயில் பதித்த சின்னக் குப்பி. முரட்டுத்தனமாக முறுக்கினால் குப்பி இடத்திலேயே சுற்றும். அப்புறம் இறுக்கவும் முடியாது, கழற்றவும் முடியாது. கூட்டுக்குடும்பச் சொத்து மாதிரி. மரையில் துளி கிரீஸ் தடவுங்கள். எவர்சில்வர் போல்ட்டும் அலுமினியமும் மழையில் நனைந்து நனைந்து ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொள்ளும். கனத்த பாட்டில் என்பதால் மாதம் ஒருமுறை போல்ட் தளர்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

? இவ்வளவு தொல்லை எதற்கு? கடையில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் வாங்கிப் போகலாமே?
*– எளிமை விரும்பி, திருப்பூர்*

வேண்டாம். அந்த மெல்லிய பாட்டில் ஹோல்டரில் நசுங்கி நழுவும். நழுவியது சரிவில் உருளும். உருண்டது மக்காது. உங்கள் பேரன் வால்பாறை வரும்போது தாத்தாவின் பாட்டில் அங்கே நின்று வரவேற்கும்.

? எவர்சில்வர் பாட்டிலோடு போனால் கிளப்பில் சிரிக்கிறார்கள்.
*– அவமானப்பட்டவர், ஆர்.எஸ்.புரம்*

பழைய டூர் டி பிரான்ஸ் புகைப்படங்களைக் காட்டுங்கள். அந்தக் காலத்து வீரர்கள் தக்கை மூடி போட்ட உலோகப் பாட்டிலை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டுதான் ஆல்ப்ஸ் மலை ஏறினார்கள். பிளாஸ்டிக் பிற்பாடு வந்த விருந்தாளி.

? எங்க அப்பாரு ஹேண்டில்பாரில் தூக்குப்போசியை மாட்டிக்கொண்டே காலம் தள்ளினார். அவருக்கு ஏது ஹோல்டர், ஏது 73 மில்லிமீட்டர்?
*– பேரன், கோட்டூர்*

அவர் போனது தோட்டத்துச் சமதரை. ஹேண்டில்பாரில் ஆடும் கனம் வளைவில் சைக்கிளைத் தன் பக்கம் இழுக்கும். மலைக்கு அது ஆகாது. ஆனால் அதே காலத்துப் பால்காரரை நினைத்துப் பாருங்கள். கேரியரில் தகரக் கேன், மேலே இழுத்துக் கட்டிய டியூப். குண்டும் குழியும் தாண்டி வீடு வீடாக இறக்குவார். ஒரு சொட்டு சிந்தாது. கனத்தை ஆடாமல் வை, ரப்பரால் இறுக்கு, கிளம்பும் முன் ஒரு தடவை ஆட்டிப் பார். நான் இத்தனை பதிலில் சொன்னதை அவர் ஒரு முடிச்சில் சொல்லிவிட்டார்.