தானமாக வந்த மாட்டின் பல்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். ஜிம்ப் என்ற இலவசப் படத்திருத்த மென்பொருளைத் தரவிறக்கியவர்கள் மட்டும் முதல் பத்து நிமிடத்திலேயே பல், கொம்பு, குளம்பு எல்லாவற்றையும் பிடித்துப் பார்த்துவிட்டு, ‘முட்டுகிற மாடு’ என்று தெருவெல்லாம் சொல்லி வருகிறார்கள். இத்தனைக்கும் நல்ல தொழுவத்தில் பிறந்த மாடு அது. 1995-இல் பெர்க்லியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழக மாணவர்களான ஸ்பென்சர் கிம்பலும் பீட்டர் மேட்டிஸும் எழுதத் தொடங்கி, மறு ஆண்டே ஊருக்குப் பொதுவாக விட்டது. லினக்ஸின் அடையாளமாகிப்போன அந்தக் கொழுத்த பெங்குவினை லாரி யூயிங் 1996-இல் வரைந்தது இதில்தான். பெங்குவினுக்கு முட்டாத மாடு நமக்கு மட்டும் முட்டுமா? என் கட்சி இதுதான்: ஜிம்ப் கஷ்டமானது இல்லை, கறாரானது. ‘என்ன வேண்டும், சரியாகச் சொல்’ என்று கேட்கிறது. நமக்கோ அது தெரிவதில்லை. ‘படம் கொஞ்சம் நல்லா இருக்கணும்’ என்பதற்கு மேல் யோசித்திருக்க மாட்டோம்.

முதல் சண்டை ‘சேவ்’ செய்யும்போது வரும். ஒரு ஜேபெக் படத்தைத் திறந்து, ஓரம் வெட்டி, வெளிச்சம் கூட்டி, கண்ட்ரோல் எஸ் அழுத்தினால், எக்ஸ்.சி.எஃப். என்ற பெயரில் சேமிக்கட்டுமா என்று நிற்கும். நாம் பிடிவாதமாக ஜேபெக் என்று தட்டினால், ‘அதற்கு எக்ஸ்போர்ட் பக்கம் போ’ என்று, பென்ஷன் ஆபீஸில் அடுத்த கவுண்ட்டரைக் காட்டுவதைப் போலக் காட்டிவிடும். 2012-இல் வந்த 2.8 பதிப்பிலிருந்து இந்தச் சட்டம். எக்ஸ்.சி.எஃப். என்பது ஏதோ கணித ரகசியம் இல்லை. கிம்பலும் மேட்டிஸும் இருந்த மாணவர் கணினி மன்றத்தின் பெயர்ச் சுருக்கம். ஆனால் சட்டத்தில் நியாயம் உண்டு. எக்ஸ்.சி.எஃப். மாவு, ஜேபெக் இட்லி. மாவாக இருக்கும்வரை உப்புப் போடலாம், தண்ணீர் விடலாம். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய லேயர்கள் தனித்தனியாக இருப்பதால், எழுதிய பெயரில் பிழை இருந்தால் அந்த லேயரை மட்டும் திருத்தலாம். ஜேபெக்காக வெந்துவிட்டால் எல்லாம் ஒன்றாய் ஒட்டிக்கொள்ளும். மறுபடி மறுபடி அதையே திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தரமும் போகும். இட்லியைப் பிசைந்து மறுபடி தட்டில் ஊற்ற முடியாது என்று ஒரு மென்பொருள் சொன்னால், அதன் மேல் என்ன கோபம்?

அதற்காக எல்லாக் குற்றத்தையும் நம் தலையில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. ஒரு வட்டம் வரைய வேண்டும் என்று போனவர்களை ஜிம்ப் பல பதிப்புகளாக அலைக்கழித்திருக்கிறது: முதலில் நீள்வட்டத் தேர்வு, பிறகு மெனுவில் தேடிப்போய் அந்தத் தேர்வின் விளிம்புக்குக் கோடு. நேர்கோட்டுக்கு ஓரிடத்தில் சொடுக்கிவிட்டு, ஷிப்ட்டைப் பிடித்துக்கொண்டு இன்னோரிடத்தில் சொடுக்க வேண்டும். தெரிந்தவருக்கு ஒரு நொடி, தெரியாதவருக்கு ஒரு மாலை. ஒட்டிய படம் லேயரிலும் சேராமல் தனியாகவும் நிற்காமல் திரிசங்குவாக மிதக்கும் கொடுமை வேறு இருந்தது. 2025 மார்ச்சில் 3.0 வந்த பிறகுதான் ஒட்டுவது தானாகவே புது லேயரில் போய் உட்காருகிறது. திரிசங்குவுக்கு விமோசனம் கிடைக்க இவ்வளவு காலம் ஆனதற்குக் கறார் என்று பெயர் சொல்ல முடியாது, சோம்பல்தான்.

‘இதெல்லாம் எதற்கு, போனில் ஒரு தட்டுத் தட்டினால் முடிந்ததே’ என்பார்கள். முடிந்ததுதான், ஆனால் யார் விருப்பப்படி? செயலிக்கு அழகு என்றால் வெளுப்பு. மாமாவின் மாநிறம், அத்தையின் மூக்குத்திப் பளபளப்பு எல்லாவற்றுக்கும் ஒரே சுண்ணாம்பு. ‘போட்டோஷாப்பே ஓசியில் கிடைக்கிறதே’ என்பது அடுத்த வாதம். அந்த ஓசி தானம் இல்லை, அவிழ்த்துக்கொண்டு வந்த மாடு. தவிர, போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் யூனிகோடு தமிழை அடித்தால் கொம்பும் காலும் இடம் மாறிச் சொல் சிதறும். பல அச்சுக் கடைகள் யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததில் அதற்கும் பங்குண்டு. ஜிம்ப் எழுத்தடுக்கும் வேலையைப் பேங்கோ என்ற நூலகத்திடம் விட்டுவிட்டதால், அங்கே கொம்பு இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறது. மாடு விஷயத்தில் இது முக்கியமில்லையா? ஆனால் அச்சகக்காரர் சொல்லும் ஆட்சேபத்துக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. அவருக்கு அச்சு மைக்கான சி.எம்.ஒய்.கே. நிறங்கள் வேண்டும், ஜிம்ப்போ உள்ளுக்குள் திரைக்கான ஆர்.ஜி.பி.யில்தான் வேலை செய்கிறது. அச்சை நம்பிப் பிழைப்பவர், 2013-இல் அடோபி தன் புதுப் பதிப்புகளுக்குக் கட்டாயமாக்கிய சந்தா முறைக்குப் பணம் கட்டுவதே மேல்.

மற்றவர்கள் ஒரு மங்கலான கல்யாணப் படத்தோடு தொடங்கலாம். ‘கலர்ஸ்’ மெனுவில் ‘லெவல்ஸ்’ என்று ஒன்று இருக்கும். திறந்தால் ஒரு மலைத்தொடர் தெரியும்: இடது பக்கம் இருட்டு, வலது பக்கம் வெளிச்சம். மங்கலான படத்தில் மலை நடுவில் குவிந்து, இரண்டு ஓரமும் பொட்டலாகக் கிடக்கும். கீழே உள்ள முக்கோணங்களில் ஓரத்து இரண்டையும் மலையடிவாரம் வரை நகர்த்தினால், சாம்பல் பூத்த வேட்டி வெள்ளையாகும், மாப்பிள்ளையின் முடி கறுப்பாகும். மாமா மட்டும் மாநிறமாகவே இருப்பார். ஓரம் வெட்டி, எக்ஸ்போர்ட் செய்து, மூடப் போனால், ‘இன்னும் சேமிக்கவில்லையே’ என்று கேட்கும். இட்லியைச் சாப்பிட்டு முடித்தவரிடம் மாவு என்ன ஆச்சு என்று விசாரிக்கிறது.