மேட்டுக்குடி

வீடு பார்க்கப் போனால் நாம் வாஸ்து பார்ப்போம், குழாயைத் திறந்து பார்ப்போம். நம்மவர் கார் நிறுத்துமிடத்தில் குந்தி, சட்டைப்பையிலிருந்து ஒரு கோலிக்குண்டை எடுத்து உருட்டுவார். அது எங்கே போய் நிற்கிறதோ அங்கேதான் வெள்ளமும் நிற்கும் என்பது அவர் சித்தாந்தம்.

2015 டிசம்பரில் வேளச்சேரி வீட்டில் கட்டில் மிதந்ததிலிருந்து இந்த வியாதி. அடித்துப்பிடித்து பெங்களூருக்கு மாற்றல் வாங்கினார். "கடல் மட்டத்துக்கு மேல 900 மீட்டர் சார். சுனாமி இங்க வரணும்னா லிஃப்ட்லதான் வரணும். லால்பாக் பாறைக்கு வயசு 300 கோடி வருஷம். அதுவே அசையல!"

2022 செப்டம்பர் வெள்ளத்தில் சர்ஜாபூர் சாலைப் பக்கம் கோடீஸ்வர வில்லாக்காரர்கள் டிராக்டரில் ஏறி வெளியே வந்தார்கள். அன்றிலிருந்து ஊர்ப்பெயரைக் கைரேகை மாதிரி படிக்க ஆரம்பித்துவிட்டார். 'கெரே' என்றால் ஏரி, வேண்டாம். 'சந்திரா' என்றால் சமுத்திரம். பொம்மசந்திராவும் ஆகாது, சிங்கசந்திராவும் ஆகாது. மெஜஸ்டிக் பஸ் நிலையமே ஒரு காலத்தில் ஏரி என்று தெரிந்த பிறகு, அங்கே பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டுதான் இறங்குகிறார் என்பது அவர் வீட்டம்மாவின் வாக்குமூலம்.

ஒரு ஞாயிறு என்னையும் இழுத்துப் போனார். "லேக் வியூ சார்" என்றார் புரோக்கர். இவர் காம்பவுண்டுச் சுவரையே முறைத்தார். முழங்கால் உயரத்துக்கு மட்டும் புதுப் பெயிண்ட். தெருமுனையில் இஸ்திரி போடுபவர் திருவண்ணாமலைக்காரர்.

"அண்ணே, போன வருஷம் இங்க டிராக்டர் வந்துச்சா?"

"டிராக்டர் எங்க சார் வரும்? படகுதான் வந்துச்சு."

வெள்ளம் இல்லாவிட்டால் மட்டும் போதாது. நடக்க, மலை ஏற வசதி வேண்டும். பெல்லந்தூர் ஏரிக்கரையில் நடக்கலாமே என்றேன். "2017ல தண்ணியே தீப்பிடிச்ச எடம் சார் அது" என்று என்னை ஒரு மாதிரி பார்த்தார். மலைக்கென்று வாங்கிய ஷூவைப் போட்டுக்கொண்டு விடிகாலை நாலு மணிக்கு நந்தி மலைக்குக் கிளம்புவார். மூன்று முறை போயும் சூரியோதயத்தை அடிவாரத்துக் கார் வரிசையில் நின்றுதான் பார்த்திருக்கிறார். ஷூவில் இன்னும் மண் படவில்லை.

ஒருவழியாக ஏரியாவின் உச்சி மேட்டில், நாலாவது மாடியில் வாடகைக்கு வீடு அமைந்தது. வாசலில் வைத்த கோலிக்குண்டு சரிவில் ஓடியே போய்விட்டது. அந்தச் சந்தோஷத்தில் எங்களுக்குப் பாயசம். 'மேட்டுக்குடி' என்று நாங்கள் பெயர் வைத்ததும் அன்றுதான்.

வந்தது 2024 மார்ச். சுமார் 100 கிலோமீட்டர் கடந்து, அரைக் கிலோமீட்டர் உயரம் ஏறி பெங்களூர் வரைக்கும் வந்துவிடுகிற காவிரிக்கு, இவர் மேட்டில் மூச்சு வாங்கிவிட்டது. போர்வெல்லும் கைவிரித்தது. நான் போனபோது மனுஷர் பால்கனியில் தொங்கிக்கொண்டு வாட்ச்மேனிடம் கத்திக்கொண்டிருந்தார்:

"தம்பி, டேங்கர் வந்துச்சா?"

வந்திருந்தது. பாதி மேடு ஏறி, கோலிக்குண்டு போன வழியிலேயே ரிவர்ஸில் போய்க்கொண்டிருந்தது.