மும்மாரி வேண்டாம் ராஜா

ராஜா வேஷம் சபைக்கு வந்து உட்கார்ந்ததும், "நாட்டில் மாதம் மும்மாரி பொழிகிறதா?" என்று கேட்பது தெருக்கூத்தில் வழக்கம். "பொழிகிறது மகாராஜா" என்று சொல்லிவிட்டு அடுத்த வசனத்துக்குப் போவது கூத்தின் கோமாளியான கட்டியங்காரர், மற்ற ஊர்களில், வழக்கமாகச் செய்வது. மரக்காணத்து உப்பளக் கரையில் அந்தப் பதில் எடுபடாது. கட்டியங்காரன் வேஷம் கட்டுகிற என் தாய்மாமன் வேறு பதில் வைத்திருந்தார்.

"மும்மாரியா? ஏன் ராஜா, எங்க பொழப்புல மண்ணப் போடவா வந்த? ஒரு மழ பேஞ்சாலே பாத்தியில கெடக்கற உப்பு கரைஞ்சி கழிக்குப் போயிடுது. நீ மூணு கேக்கற! மழைய ஐப்பசிக்கு அனுப்பிவிடு. சித்திரையில இந்தப் பக்கம் எட்டிப் பாக்கக் கூடாதுன்னு ஒரு உத்தரவு போடு."

பாயில் சாய்ந்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். கோடை மழையில் ஒரு வார உழைப்பு ஒரே ராத்திரியில் கரைந்துபோனதைப் பார்த்த சனம் அது. சிரிப்பு பெண்கள் பக்கத்திலிருந்துதான் முதலில் கிளம்பும்.

எங்கள் பக்கத்தில் தை, மாசியில் பாத்தியை மிதித்துப் பக்குவப்படுத்தி உப்பு நீர் கட்டினால் புரட்டாசி வரை வேலை இருக்கும். வெயில் ஏற ஏற விளைச்சலும் ஏறும். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடப்பதும் அதே வெயில் மாதங்களில்தான். இரவு பத்து மணிக்கு அரிதாரம் பூசுகிற மாமா, விடிகிற வரை ஆடிவிட்டு, தேங்காய் எண்ணெய் தொட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு நேரே அளத்துக்குப் போய் உப்பு வாருவார். உப்பு நீரில் நின்று நின்று கணுக்காலெல்லாம் புண். சலங்கை அதில் உராயாமல் இருக்க அத்தை பழைய வேட்டியைக் கிழித்து இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டிவிடுவார். அந்தத் துணியில் காலையில் ரத்தம் ஊறியிருக்கும். பார்த்திருக்கிறேன்.

அந்தக் காலத்தில் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்காருகிறவர்கள் மூன்று, நான்கு பேர்தான். அளத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் அதில் நிச்சயம் ஒருவர். மற்ற எல்லாருக்கும் பாய், கோணி, மணல். துரியோதனன் சபையில் கப்பம் அளக்கிற காட்சி வரும்போது மாமா மூட்டை தூக்கி வருகிற மாதிரி குனிந்து வந்து, ராஜாவிடம் கேட்பார்: "ராஜா, உன் படி ஊருப் படியா, இல்ல எங்க மொதலாளி படியா? ஏன்னா அவரு படியில அடியும் இல்ல, விளிம்பும் இல்ல." சொல்லிவிட்டு ராஜாவைப் பார்க்க மாட்டார். நாற்காலிப் பக்கம் திரும்பி நிற்பார். ஊர் முழுக்க அவரோடு சேர்ந்து அந்த முகத்தைப் பார்க்கும். முகவீணைக்காரர்கூட ஊதுவதை நிறுத்திவிடுவார்.

குத்தகைக்காரர் சிரிப்பார். சிரிக்காமல் அவரால் இருக்க முடியாது. பிறகு ஒரு நோட்டை எடுத்து மாமாவின் சட்டையில் குத்துவார். கூத்து அப்படியே நிற்கும். மாமா கைகூப்பி, இன்னார் மகன் இன்னார் இந்தக் கட்டியங்காரனுக்கு இவ்வளவு அன்பளிப்புச் செய்தார், அவர் குடும்பம் வாழையடி வாழையாக வாழ்க என்று ராகம் போட்டுச் சொல்வார். அந்த வாழ்த்தில் கிண்டல் துளியும் இருக்காது. பொழுது விடிந்ததும் அதே மனிதரின் அளத்தில்தான் மாமா உப்பு வார வேண்டும், வாரினார். ஒருநாளும் வேலை இல்லை என்று அவரை அனுப்பியதில்லை. ஆனால் கூலியும் அந்தச் சிரிப்பால் ஒரு காசு கூடியதில்லை.

அந்த மேடையை நான் கோயிலாக்கிப் பேச விரும்பவில்லை. அதில் கேட்கக் கூசுகிற பேச்சும் இருந்தது. மாமியார், மருமகள், கருப்பு, குண்டு என்று பெண்களைக் குறிவைத்த கிண்டல்கள் ஏராளம். எந்தத் தெருவில் ஆடுகிறோமோ அந்தத் தெருவின் சாதியைத் தொடாத சாமர்த்தியமும் உண்டு. அவை போனதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். நாட்டை ஆள்கிறவனைப் பார்த்து, அவன் முகத்துக்கு நேராக, அவன் குடிகள் நடுவில் நின்று கேலி பேசலாம் என்பதை எங்கள் ஊர்ச் சனம் ஒரு உரிமையாக அல்ல, பழக்கமாகவே வைத்திருந்தது. யாரும் அதற்காகச் சட்டம் படிக்கவில்லை.

சிரிக்கவே கூடாத இடமும் அவர்களுக்குத் தெரியும். துகிலுரிதல் இரவில் துச்சாதனன் வேஷக்காரர் கற்பூரம் ஏற்றி அம்மனைக் கும்பிட்டு விட்டுத்தான் புடவைமேல் கை வைப்பார். பெண்கள் சிலர் தலைவிரித்து ஆடுவார்கள். அப்போது மாமா ஓரமாக, தாளக்காரர் பக்கத்தில் போய் நின்றுகொள்வார். எங்கே பேச வேண்டும் என்பதைவிட எங்கே வாயை மூட வேண்டும் என்பதுதான் வேஷத்தில் கஷ்டம் என்பார்.

2005-இல் விஜய் டிவியில் 'கலக்கப்போவது யாரு' வந்தது. மதுரை முத்துவும் கோவை குணாவும் எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்து சிரிக்க வைத்தார்கள். அங்கே சிரிப்புக்கு நடுவர்களும் மதிப்பெண்ணும் இருந்ததை மாமா வியப்பாகப் பார்த்தார். அந்த மேடையிலிருந்து சிவகார்த்திகேயன் போன்றவர்கள் சினிமாவில் நட்சத்திரம் ஆனார்கள். சாதாரண வீட்டுப் பிள்ளைகளுக்கு அது திறந்துவிட்ட கதவு சின்னது இல்லை. ஊர்த் திருவிழாவிலோ ஆடல் பாடல் வந்து, கூத்துக்கான இரவுகள் குறைந்தன. கூத்துக்குப் பெரிய மரியாதைகளும் வந்தன. கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்கு 2025-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. உப்பளத்துக் கட்டியங்காரனுக்கு அச்சாரம் கொடுக்க வருகிறவர்கள் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தார்கள்.

அதே 2025-இல், மார்ச் மாதம், குனால் கம்ரா என்ற பெயர் எங்கள் மாவட்டத்தோடு சேர்ந்து செய்தியில் வந்தது. மும்பைக்காரர். விளம்பரப் படத் தயாரிப்பு நிறுவனத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு 2013-இல் மேடை நகைச்சுவைக்கு வந்தவர். ஆள்கிறவர்களைப் பெயர் சொல்லியும் சொல்லாமலும் கிண்டல் செய்வது அவர் தொழில். அதற்கு விலையும் கொடுத்துக்கொண்டே வந்தார்: 2017-இல் கொலை மிரட்டல், 2020-இல் விமானத்தில் ஒரு தொலைக்காட்சி நெறியாளரைக் கேள்வி கேட்டதற்குப் பறக்கத் தடை, அதே ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் அவமதிப்பு வழக்கு. 'நயா பாரத்' என்ற நிகழ்ச்சியில் ஒரு இந்தி சினிமாப் பாட்டின் மெட்டில் மகாராஷ்டிரத் துணை முதல்வரைத் துரோகி என்று குத்தினார், பெயரைச் சொல்லவில்லை. மார்ச் 23-ஆம் தேதி அது யூடியூபில் வந்தது. அன்றிரவே அந்தத் தலைவரின் கட்சிக்காரர்கள் நிகழ்ச்சி நடந்த 'தி ஹாபிடாட்' அரங்குக்குப் போய் நாற்காலிகளை அடித்து உடைத்தார்கள். மறுநாள் மாநகராட்சி ஆட்கள் வந்து கட்டடத்தின் ஒரு பகுதியை இடித்தார்கள். பரிமாறிய பட்டர் சிக்கன் பிடிக்கவில்லை என்று தக்காளி லாரியைக் கவிழ்ப்பதற்கு இது சமம் என்றார் கம்ரா. மன்னிப்பும் கேட்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

அவர் அப்போது இருந்தது எங்கள் விழுப்புரம் மாவட்டத்தில். அந்தப் பாட்டுக்காக அவர்மேல் போட்ட வழக்கில், 2021-லேயே மும்பையை விட்டுத் தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டதாகச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றத்தில் மனுப்போட்டார். மார்ச் 28-இல் நீதிபதி சுந்தர் மோகன் அவருக்கு இடைக்கால முன்ஜாமீன் கொடுத்தார். வானூர் நீதித்துறை நடுவர் முன்னால் பிணைப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. வானூர் எங்களுக்குப் பக்கத்து ஊர். உப்பு மூட்டைத் தகராறுக்கும் வரப்புத் தகராறுக்கும் எங்கள் பக்கத்தவர் போய் வருகிற அந்த ஊர்க் கோர்ட்டின் பெயர், ஒரு நகைச்சுவைக்காக நாடெங்கும் பத்திரிகைகளில் அச்சானது. மிரட்டிய ஒருவர் அவரோடு போனில் பேசிய ஒலிப்பதிவும் பரவியது. எங்கே இருக்கிறாய் என்ற கேள்விக்குத் தமிழ்நாடு என்று பதில் வர, அங்கே எப்படி வருவது என்று தெரியாமல் அந்தக் குரல் திண்டாடியது. எங்கள் டீக்கடையில் அதைப் போட்டுப் போட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். ஏப்ரல் 25-இல், அங்கே அவர் போட்ட மனு முடிகிற வரை அவரைக் கைது செய்யக் கூடாது என்று மும்பை உயர் நீதிமன்றமும் சொன்னது.

தமிழ்நாடு புகலிடம் என்று இதை வைத்து மார்தட்டுகிறவர்களுக்கு ஒன்று நினைவுபடுத்த வேண்டும். எம்.ஆர். ராதாவின் ராமாயண நாடகத்தை நிறுத்துவதற்காக 1954-இல் நாடகச் சட்டம் கொண்டுவந்ததும் இதே மாநிலம்தான். மனம் புண்படும் என்று நினைக்கிறவர்கள் என் நாடகத்துக்கு வர வேண்டாம் என்று விளம்பரமே கொடுத்தவர் ராதா. அந்தச் சட்டம் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்ல 2013 ஆகிவிட்டது. வந்து உட்கார்ந்து பார்த்தவர்களால் ராதாவுக்குத் தொல்லை குறைவு, வராதவர்களால்தான் அதிகம். கம்ராவுக்கும் அதேதான். அரங்கில் சீட்டு வாங்கி உட்கார்ந்தவர்கள் கைதட்டினார்கள். உடைக்க வந்தவர்கள் வேறு ஆட்கள். 2021 புத்தாண்டு அன்று இந்தூரில் கைதான நகைச்சுவைக் கலைஞர் முனாவர் ஃபாரூக்கியின் கதை இன்னும் கொடுமை. அவர் அந்த மேடையில் சொல்லாத ஜோக்குக்காக ஒரு மாதத்துக்குமேல் சிறையில் இருந்தார்.

மாமாவிடம் கம்ரா கதையை முழுக்கச் சொன்னேன். அவருக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தபோது அளங்கள் எல்லாம் கடல்போல் கிடந்தன. அதற்குப் பிறகு அவர் பாத்தியில் இறங்குவதில்லை. வேஷம் மட்டும் விடவில்லை. கம்ரா என்ன சொன்னார் என்று அவர் கேட்கவே இல்லை.

"ஒடச்சவனுங்க கூத்து பாத்தானுங்களா மாப்ள?"

"இல்ல மாமா. போன்ல ஒரு துண்டு பாத்தாங்க."

"அப்ப அந்தப் பையன் என்னா செய்வான்? நான் மொதலாளிய அடிச்சா, அவரு மூஞ்சியப் பாத்துக்கினே அடிப்பேன். மூஞ்சி சுருங்குச்சின்னா அடுத்த அடி எனக்கு நானே அடிச்சிக்குவேன். சனம் சிரிச்சிடும், அவருக்கும் ஆறிடும். இன்னும் கொஞ்சம் தாங்குவாருன்னா இன்னும் ஒண்ணு போடுவேன். மூஞ்சியே தெரியாதவன எப்பிடி பாத்து அடிக்கறது?"

எந்த நகைச்சுவைப் பட்டறையிலும் இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிக்கொடுத்துவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. மாமாவின் அந்தப் பழைய முறையில் நியாயம் குறைவு. அடிக்கிறவனும் அடிபடுகிறவனும் விடிகிற வரை ஒரே மணலில் இருந்தாக வேண்டும் என்பது மட்டும்தான் காவல். கம்ராவுக்கு நீதிமன்றம் காவல். அது பெரிய காவல்தான், தேவையான காவல்தான். ஆனால் மனு, தேதி, பிணைப் பத்திரம் என்று ஒரு கலைஞனின் மாதங்களை அது தின்கிறது. வழக்கறிஞரை வைக்க வழியில்லாத ஒரு கட்டியங்காரன் இதே பேச்சைப் பேசிச் சிக்கினால் என்ன ஆவான் என்ற பயம் எனக்கு உண்டு. அந்தப் பயம் எங்கள் ஊருக்கும் வந்துகொண்டிருக்கிறது. கூத்துக்கு முன்னால் விழாக்குழுவினர் மாமாவைத் தனியே அழைத்து, யாராவது வீடியோ எடுத்துப் போடப்போகிறார்கள், பார்த்துப் பேசுங்கள் என்கிறார்கள்.

அவர் பேசிக்கொண்டுதான் இருக்கிறார். மழைக்கால மூன்று மாதங்களுக்கு உப்பளத் தொழிலாளர்களுக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. ராஜா மும்மாரி கேட்டதும் இப்போது மாமா கையை நீட்டுகிறார்: "மூணு மாரிக்கும் வெல கட்டிட்டாங்க ராஜா, ஐயாயிரம். நீ எத்தினி மழ வேணுன்னாலும் வுடு, காச மட்டும் கையில குடுத்துட்டு வுடு."

கூத்து செட்டில் சேர்ந்திருக்கிற பையன்கள் இரண்டு பேர் இந்தப் பகுதியைப் போனில் எடுத்துப் போட்டுத்தான் பக்கத்து ஊர்களிலிருந்து அச்சாரம் வருகிறது. மாமா அதைத் தடுக்கவில்லை. அவர்களுக்கு ஒரு நிபந்தனை மட்டும் வைத்திருக்கிறார். "என் மூஞ்சிய மட்டும் எடுக்காதீங்கடா. எதிர்ல உக்காந்திருக்கற சனத்தையும் சேத்து எடுங்க. நான் யாருகிட்ட பேசறேன்னு பாக்கறவனுக்குத் தெரியணும்."