கராஜில் ஒரு கடல்

மெல்பனில் ஒரு வீட்டின் கார் மழையில் நனைந்துகொண்டு நின்றால், கராஜுக்குள் வேறு யாரோ குடியேறிவிட்டார்கள் என்று அர்த்தம். எங்கள் வீட்டில் குடியேறியது 17 அடி நீள மரக் கயாக்.

கிட்டாகத்தான் வந்தது. 4 மில்லிமீட்டர் ஒக்கூமே பிளைவுட், செம்புக் கம்பி, எபாக்ஸி, கண்ணாடி இழைத் துணி. பலகைகளின் விளிம்புத் துளைகளில் கம்பியைக் கோத்துத் தைக்க வேண்டும். மூட்டுகளில் மரத்தூள் கலந்த எபாக்ஸியைப் பூச வேண்டும். இறுகியதும் கம்பியை உருவிவிட்டு இழைத் துணியை ஒட்ட வேண்டும். ஆணியே கிடையாது.

ஆணி இல்லை என்றதும் சென்னையிலிருந்து வந்திருந்த மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதுல என்ன புதுசு மாப்பிள்ளை? நம்ம மசூலா படகு?" மெட்ராஸில் துறைமுகம் வருமுன், தூரத்தில் நின்ற கப்பல்களிலிருந்து துரைமார்களை அலை தாண்டிக் கரைசேர்த்தவை கயிற்றால் தைத்த அந்தப் படகுகள்தான். அலை அடித்தால் தையல் வளைந்து கொடுக்கும். "அவங்க யாரும் கையேடு படிக்கலை" என்று முடித்தார். அன்றிலிருந்து மேஸ்திரி அவர், சித்தாள் நான்.

எபாக்ஸிக்கு இந்த ஊர் ஒத்துவராது. பிசினையும் ஹார்டனரையும் கலந்தால் தானே சூடேறும். சூடு ஏற ஏறச் சீக்கிரம் இறுகும். குளிரில் அசையாது. மெல்பனோ ஒரே நாளில் நான்கு பருவமும் காட்டும். காலையில் பூசியது மதியம் வரை ஈரமாகவே இருந்தது; பிறகு வடக்குக் காற்று அடிக்க, கோப்பையில் மிச்சமிருந்தது புகையத் தொடங்கியது. சாம்பிராணி என்று நினைத்து மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கிட்டில் வராதவை கிளாம்பும் உப்புத்தாளும். கிளாம்ப் எத்தனை வாங்கினாலும் ஒன்று குறையும். அதனால் சனிக்கிழமை தோறும் பன்னிங்ஸ் ஹார்ட்வேர் கடை. வாசலில் சாஸேஜ் சுடுகிறவர்களுக்கு எங்களைத் தெரிந்துவிட்டது. பார்த்ததுமே வெங்காயம் மட்டும் வைத்த பிரெட்டை நீட்டுவார்கள்.

"இதுல எங்கேதான் போகப் போறீங்க?" என்று கேட்ட நண்பருக்கு ஆஸ்கர் ஸ்பெக் கதையைச் சொன்னேன். 1932-இல் ஜெர்மனியின் உல்ம் நகரிலிருந்து மடிப்புக் கயாக்கில் கிளம்பியவர். சைப்ரஸ் செப்புச் சுரங்கத்தில் வேலை தேடுவதுதான் திட்டம். துடுப்புப் போட்ட ஜோரில் இந்தியக் கரையோரமாகவும் வந்து, 1939 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் சாய்பாய் தீவைத் தொட்டார். அதற்குள் உலகப் போர் மூண்டிருந்தது. எதிரி நாட்டவர் என்று முகாமில் அடைத்துவிட்டார்கள்.

பி.ஆருக்காக, அதாவது நிரந்தர வசிப்புரிமைக்காகக் காத்திருக்கும் நண்பர் பெருமூச்சு விட்டார். "ஏழு வருஷத்துல உள்ளே விட்டுட்டாங்களே!"

கயாக் தயாரானதும் பூஜைக்குக் கோயிலுக்குக் கொண்டுபோனோம். குருக்கள் கையில் எலுமிச்சம்பழத்தோடு சுற்றிச் சுற்றி வந்து சக்கரத்தைத் தேடினார்.

பிறகு மெல்பனின் காரம் (Carrum) கடற்கரையில் படகு மிதந்தது. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. புளியோதரைத் தூக்கோடு குடும்பமே வந்திருந்தது. என் மனைவி படகை எட்டிப் பார்த்தாள். "இவ்வளவு செலவழிச்சு ஒரே ஒரு சீட்டா?"

அடுத்தது இருவர் கயாக். 21 அடி. எங்கள் கராஜின் நீளம் 20 அடி. சுவரை இடிக்க ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.